சமன் செய்யும் கணக்கு

வலியவரும் எளியவரும் ஒரே களத்தில் இறங்கினால் வெற்றி யார் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முடிவு முன்பே தெரிந்த போட்டியில் வென்றவருக்குப் பெருமையும் இல்லை. தோற்றவருக்குப் பாடமும் இல்லை. ஆயினும், மனிதர்கள் தமக்கு நிகரானவரைத் தேடிப் பிடித்தா விளையாடுகின்றனர்? மூத்தவனுக்கு வீட்டிலே கிடைப்பவன் இளையவன்தான். தந்தைக்குக் கிடைப்பவன் மகன்தான்.

நம் தெருப் பிள்ளைகள் இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகளைக் கண்டிருந்தனர். ஓட்டப் பந்தயம் என்றால் சிறியவனைப் பத்தடி முன்னே நிறுத்துவர். மற்ற ஆட்டங்களில் அவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆக்கிவிடுவர். அவன் களத்தில் இருப்பான்; ஓடுவான்; கூவுவான். ஆனால் பிடிபட்டாலும் கணக்கில்லை; பிடித்தாலும் கணக்கில்லை. அழுகையை நிறுத்த அந்த ஏற்பாடு போதும். எனினும், தான் கணக்கில் இல்லை என்பது அச்சிறுவனுக்கு ஒரு நாள் தெரியவரும். அன்றே அவன் களத்தை விட்டு விலகிவிடுவான்.

முதல் வழியை, அதாவது பத்தடி முன்னே நிறுத்தும் வழியை, தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி ஒரு பெருங்கணக்காக வளர்த்தெடுத்த விளையாட்டு ஒன்று உண்டு. அது கோல்ஃப். அக்கணக்கின் பெயர் ஹேண்டிகேப். செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கோல்ஃபை ஒதுக்கிவிடும் வாசகர்களும் இருப்பர். ஆட்டத்தை விரும்பாதவரும் அதன் கணக்கை விரும்பக்கூடும் என்பது நம் துணிபு. நாமும் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவரல்லர். கணக்கின் வாயிலாகவே அவ்விளையாட்டுக்குள் நுழைந்தோம்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஹேண்டிகேப் என்றால் ஊனம் என்று நம்மில் பலரும் பொருள் கொண்டிருந்தோம். அப்பொருள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ‘தொப்பிக்குள் கை’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அச்சொல். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயராக இருந்தது. சாமுவேல் பீப்ஸ் என்பவரின் புகழ்பெற்ற நாட்குறிப்பில் 1660ஆம் ஆண்டிலேயே அவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது.

வணிகம் செய்து பழகிய குடும்பத்தாருக்கு அந்த விளையாட்டின் நுட்பம் உடனே விளங்கும். ஒருவரிடம் ஒரு கடிகாரம். மற்றவரிடம் ஒரு மேலங்கி. இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்பது பேச்சு. நடுவர் ஒருவர் இரு பொருளையும் பார்த்து, மதிப்புக் குறைந்த பொருளுக்கு உரியவர் இவ்வளவு காசு மேற்கொண்டு தரவேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லுவார். மூவரும் பந்தயக் காசைத் தொப்பிக்குள் இட்டிருப்பர். மாற்றிக்கொள்ள விரும்பும் இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு வெளியே எடுப்பர். கையில் காசு இருந்தால் சம்மதம், வெறுங்கையானால் மறுப்பு. இருவரும் சம்மதித்தாலும் இருவரும் மறுத்தாலும் தொப்பிக் காசு நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் காசு அவருக்கு, நடுவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே, ஒரு பக்கம் சாயாமல் இருவர் மனமும் ஒன்றுபோல் இசையவோ மறுக்கவோ செய்யும் தொகையைச் சொல்லுவதே நடுவருக்கு இலாபம். நேர்மையையே இலாபமாக்கிய விந்தையான ஏற்பாடு அது!

பின்னர் அச்சொல் குதிரைப் பந்தயத்துக்குச் சென்றது. வேகமான குதிரைமேல் கூடுதல் எடையை ஏற்றிப் பந்தயத்தைச் சமன் செய்தனர். அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோல்ஃபுக்கு வந்து சேர்ந்தது. ஆக, அச்சொல்லின் வேர்ப்பொருள் குறைபாடன்று, ஈடு செய்தல். நம் ‘சப்பாணி’யும் நடக்க இயலாதவரைக் குறிக்கும் சொல்லே என்பதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மொழிகளிலும் விளையாட்டுச் சொல்லோடு ஊனம் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒன்று கணக்கிலிருந்து ஆளை நீக்குவது. மற்றொன்று கணக்குக்குள் ஆளைச் சேர்ப்பது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டண்டீ நகருக்கு அருகே நம் மகளும் மருமகனும் வாழ்கின்றனர். ஒரு கோடைக் காலத்தை அவர்களோடு கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. கோல்ஃப் பிறந்து வளர்ந்த மண் அது. அங்கே அது செல்வர்களுக்கு மட்டுமே உரியதன்று. தச்சரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் மாலை வேளைகளில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவதைக் கண்டோம். டே ஆற்றுக்கு அப்பால் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்றனர். உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் ஒரு முறையேனும் ஆட ஏங்கும் அம்மைதானத்தில் ஞாயிறன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் அன்று குழந்தைகளோடும் நாய்களோடும் உலாவுகின்றனர். 1764ஆம் ஆண்டு வரை அங்கே ஒரு சுற்றுக்கு 22 குழிகள். சிலவற்றை ஒன்றாக்கி அவ்வாண்டு 18 ஆகக் குறைத்தனர். இன்று உலகம் முழுவதும் 18 என்பதே வழக்கு.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் தொலைவில் ஓரிடத்தில் நின்று பந்தை அடிக்கத் தொடங்கி, எத்தனை அடிகளில் குழிக்குள் இடுகிறோம் என்று எண்ணவேண்டும். அடிகள் குறையக் குறையச் சிறப்பு. தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடிகள் போதும் என்று ஒவ்வொரு குழிக்கும் ஓர் அளவு உண்டு. அதற்குப் ‘பார்’ என்று பெயர். மூன்று, நான்கு, ஐந்து என்று வரும் அவ்வளவுகளைக் கூட்டினால் முழுச் சுற்றின் ‘பார்’ கிடைக்கும். பெரும்பாலும் அது 70 முதல் 72 வரை இருக்கும்.

மருமகன் அந்நாட்டுக்குச் சென்ற பிறகே இதனைக் கற்றவர். பதினான்கு வயதுப் பேரன் தந்தையைப் பார்த்துப் பழகியவன். தந்தை 92 அடிகளில் முடிப்பதை மகன் 106 அடிகளில் முடிப்பான். இவர்கள் இருவரும் ஆடினால் பந்தயம் என்று அதனை எப்படிச் சொல்வது? நமக்குள் எழுந்த இவ்வினாவை ஓரிரவு உணவுக்குப்பின் கேட்டோம். மருமகன் பென்சிலும் தாளும் எடுத்துவந்தார்.

“மாமா, நீங்கள் ஆயுள் முழுதும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். இதில் பிழை கண்டால் சொல்லுங்கள்” என்று சிரித்தபடியே தொடங்கினார்.

ஒருவரின் திறனை அளக்க, அவர் எடுத்த அடிகளிலிருந்து ‘பார்’ எண்ணைக் கழித்தால் போதாதா என்பதே எவருக்கும் தோன்றும் முதல் எண்ணம். போதாது. ஒரு மைதானம் சமதரையாய்க் குறுகிய தொலைவுகளோடு இருக்கும். மற்றொன்று மணற்பள்ளங்களும் முட்புதர்களும் கடற்காற்றும் சூழ நீண்டு கிடக்கும். இரண்டுக்கும் ‘பார்’ 71 என்றே எழுதியிருக்கலாம். எளிய மைதானத்தில் பெற்ற எண்ணோடு கடினமான மைதானத்துக்குப் போகிறவர் அநியாயமாகத் தோற்பார்.

இதற்காக ஒவ்வொரு மைதானத்தையும் பயிற்சி பெற்ற குழுவினர் அளந்து இரண்டு எண்களைத் தருகின்றனர். முதலாவது ‘கோர்ஸ் ரேட்டிங்’. ஈடு எதுவும் தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரர், இயல்பான வானிலையில், அம்மைதானத்தை எத்தனை அடிகளில் முடிப்பார் என்பதை அது பதின்மக் கணக்கில் சொல்லும். பேரனின் மைதானத்துக்கு அது 70.2. இரண்டாவது ‘ஸ்லோப் ரேட்டிங்’. இதுவே நுட்பமானது. சில மைதானங்கள் தேர்ந்தவரை அவ்வளவாக வாட்டுவதில்லை. நடுத்தர ஆட்டக்காரரையோ பாடாய்ப் படுத்திவிடும். நீர்நிலையைத் தாண்டி நெடுந்தொலைவு அடிக்கவேண்டிய இடத்தில் வல்லவர் எளிதாகத் தாண்டுவார். எளியவரின் பந்து நீரில் விழும். இவ்விருவருக்கும் இடையே அம்மைதானம் உண்டாக்கும் இடைவெளியின் அளவே ‘ஸ்லோப்’. 55 முதல் 155 வரை அது இருக்கலாம். நடுநிலையான கடினத்துக்கு 113 என்று கொள்கின்றனர். பேரனின் மைதானத்துக்கு 125. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1980களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இம்முறையே இன்று உலகுக்கெல்லாம் பொதுவாயிற்று.

இனிக் கணக்கு. எடுத்த அடிகளிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழிக்கவேண்டும். வருவதை 113ஆல் பெருக்கி ஸ்லோப் எண்ணால் வகுக்கவேண்டும். மருமகனின் 92 அடிகளை எடுத்துக்கொள்வோம். 92இலிருந்து 70.2 போனால் 21.8. அதை 113ஆல் பெருக்கி 125ஆல் வகுத்தால் 19.7. அந்த ஒரு சுற்றின் வேறுபாட்டு எண் இது. எந்த ஊரில், எந்த மைதானத்தில் ஆடினாலும் இப்படியே கணக்கிடுவதால் எல்லாச் சுற்றுகளும் ஒரே தராசில் நிற்கின்றன. காற்றும் மழையும் மிகுந்த நாளில், அன்று ஆடிய பலருடைய எண்களையும் ஒப்பிட்டு, வேறொரு சிறு திருத்தத்தையும் கணினி செய்துவிடும். ஸ்காட்லாந்தின் காற்றை அறிந்தவர்கள் அத்திருத்தத்தின் அருமையை உணர்வர்.

இப்படிச் சேர்ந்த வேறுபாட்டு எண்களில் கடைசி இருபதை வரிசைப்படுத்த வேண்டும். அவற்றுள் மிகச் சிறந்த எட்டை எடுத்துச் சராசரி காணவேண்டும். அதுவே அவருடைய ‘ஹேண்டிகேப் இண்டெக்ஸ்’. புதிதாகத் தொடங்குவோர் மூன்று முழுச் சுற்றுகள் ஆடினால் போதும். அவற்றுள் சிறந்ததிலிருந்து 2 கழித்து முதல் எண் தந்துவிடுவர். ஆணாயினும் பெண்ணாயினும் 54.0 உச்ச வரம்பு. முன்னாளில் பிரிட்டனில் ஆடவருக்கு 28, மகளிருக்கு 36 என்று நெடுங்காலம் வரம்பிட்டிருந்தனர். புதிதாய்க் கற்கும் பலருக்கு அக்காலத்தில் கணக்குக்குள்ளேயே இடமில்லை.

இருபதில் எட்டு மட்டும் ஏன் என்று நாம் கேட்டோம். நம் பள்ளிகளில் சராசரி என்றால் எல்லாவற்றையும் கூட்டி வகுப்பதே வழக்கம். மருமகன் சொன்ன விடையை நாம் இன்றும் எண்ணிப் பார்க்கிறோம். “இந்த எண் ஒருவர் வழக்கமாக எப்படி ஆடுகிறார் என்பதன் அளவன்று, மாமா. நன்றாக ஆடும் நாளில் அவரால் எவ்வளவு இயலும் என்பதன் அளவு.”

இதனை உணராத பலர், “என் ஹேண்டிகேப் எண்ணுக்கு என்னால் ஆடவே முடிவதில்லை, கணக்கில் ஏதோ கோளாறு” என்று அலுத்துக்கொள்கின்றனராம். கோளாறு ஒன்றுமில்லை. சிறந்த எட்டின் சராசரி அது. ஆகவே அந்த எட்டிலும் ஏறக்குறையப் பாதியே அதைவிடச் சிறந்திருக்கும். இருபதில் நான்கு என்றால் ஐந்து சுற்றுக்கு ஒன்று. ஐந்து முறை ஆடினால் நான்கு முறை தன் எண்ணுக்குக் கீழாகத்தான் ஆடுவோம் என்பதை ஏற்றுக்கொண்டே களத்தில் இறங்கவேண்டும். மோசமான பன்னிரண்டு நாட்களை இக்கணக்கு மன்னித்துவிடுகிறது. ஆனால், “நீ இவ்வளவுதான்” என்று அந்நாட்களைக் காட்டிச் சலுகை கேட்கவும் விடுவதில்லை. மன்னிப்பும் கண்டிப்பும் ஒரே சூத்திரத்தில் அமைந்திருப்பதைக் கண்டு கணக்காசிரியரான நாம் மகிழ்ந்துபோனோம்.

இண்டெக்ஸ் என்பது ஊர் ஊராகச் செல்லும் கடவுச்சீட்டுப் போன்றது. ஆடப்போகும் மைதானத்துக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். இண்டெக்ஸை அம்மைதானத்தின் ஸ்லோப் எண்ணால் பெருக்கி 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் ‘பார்’ எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்த்தால் அன்றைய ஈடு கிடைக்கும். மருமகனின் இண்டெக்ஸ் அப்போது 18.6. அதை 125ஆல் பெருக்கி 113ஆல் வகுத்தால் 20.6. கோர்ஸ் ரேட்டிங் 70.2, ‘பார்’ 71. எனவே 0.8 குறையும். முழு எண்ணாக்கினால் 20. பேரனின் இண்டெக்ஸ் 31.4, அதே வழியில் அவனுக்கு 34. இருவருக்கும் இடையே 14. குழிக்குக் குழி மோதும் ஆட்டத்தில் அப்பதினான்கு அடிகளை மகனுக்குத் தந்தை விட்டுக்கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டிக்கொடுக்க இயலாது. 18 குழிகளுக்கும் முன்னரே வரிசை எண் இட்டிருப்பர். ஒன்று முதல் பதினான்கு வரை எண் பெற்ற குழிகளில் மகன் எடுத்த அடிகளிலிருந்து ஒவ்வொன்று குறையும்.

நம் மகளும் ஆடுகிறாள். மகளிர் ஆடத் தொடங்கும் இடத்துக்கு உரிய கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப்பும் தனியே கணக்கிட்டிருப்பதால், கணவரோடும் மகனோடும் அவளும் சமமாகப் போட்டியிடலாம். இதில் மகளிரின் பங்கு சிறிதன்று. பிரிட்டனில் ஆடவர் கழகங்கள் கழகத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்த காலத்தில், 1893இல் அமைந்த மகளிர் கோல்ஃப் சங்கம் இசெட் பியர்சன் என்னும் பெண்மணியின் உழைப்பால் நாடு தழுவிய ஒரே முறையை உருவாக்கிற்று. ஆடவர் உலகம் பிந்தியே அவ்வழிக்கு வந்தது. பிறகும் நாட்டுக்கு நாடு முறைகள் வேறுபட்டே இருந்தன. உலகில் வழங்கிய ஆறு பெரும் முறைகளை ஒன்றாக்கி, ஸ்காட்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் 2020இல் உலகப் பொது முறையை அறிமுகம் செய்தன. பிரிட்டனுக்கு வெளியே அமைந்த கோல்ஃப் கழகங்களுள் மிகப் பழைமையானதாகிய, 1829இல் தொடங்கிய கல்கத்தாக் கழகத்தில் ஆடுபவரும், டண்டீக்கு அருகே ஆடும் நம் பேரனும் இன்று ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர்.

கணக்கு இவ்வளவு நேர்த்தியானது என்றால் ஏமாற்று வேலைக்கு இடமில்லை என்று எண்ணுவோம். இடமுண்டு. அதுவும் நாம் பழகிய ஏமாற்றுக்கு நேர்மாறானது. தன்னை உள்ளதைவிட உயர்த்திக் காட்டுவதே உலகத்துப் பொய். இங்கோ தன்னைத் தாழ்த்திக் காட்டுகிறவருக்கே ஆதாயம். வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணை ஏற்றிக்கொண்டு, பரிசுப் போட்டியன்று அந்தச் சலுகைகளோடு உண்மைத் திறனைக் காட்டுவோர் உண்டு. அவர்களை ஆங்கிலத்தில் ‘மணல் மூட்டைக்காரர்’ என்று இகழ்வர். மாறாக, நண்பர்களிடம் பெருமை பேசுவதற்காக மோசமான சுற்றுகளை மறைத்து எண்ணைக் குறைவாக வைத்துக்கொள்வோரும் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது பெரும்பாலும் தங்களையே.

இதற்கெல்லாம் விதிகளில் காவல் உண்டு. ஒரே குழியில் பன்னிரண்டு அடி எடுத்தாலும் கணக்கில் அத்தனையும் ஏறாது. ‘பார்’ எண்ணோடு இரண்டும், அக்குழியில் அவருக்கு உரிய ஈடும் சேர்ந்ததே உச்சம். கடந்த ஓராண்டில் தொட்ட மிகக் குறைந்த இண்டெக்ஸைவிட 3 கூடிவிட்டால் அதற்குமேல் ஏறுவது பாதியாகும். 5க்கு மேல் ஏறவே ஏறாது. எவரேனும் தன் இண்டெக்ஸைவிட 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு சிறப்பாக ஒரு சுற்று ஆடிவிட்டால், வழக்கமான சராசரி போக மேலும் 1 குறைப்பர். 10 அல்லது அதற்கு மேல் என்றால் 2. ஆயினும் இக்காவலெல்லாம் ஓரளவே. மரங்களுக்கு இடையே பந்தைத் தேடிச் சென்றவர் எத்தனை முறை அடித்தார் என்பதை அவர் வாயால்தான் அறியவேண்டும். உடன் ஆடியவர் ஒருவர் சான்றாகக் கையொப்பமிடுவார். ஆனால், கடைசிக் குழியில் பந்து தவறியதா, தவறவிடப்பட்டதா என்பதை எந்தச் சாட்சியும் சொல்லமுடியாது.

அத்தகைய ஒரு மாலையை நேரில் காண நேர்ந்தது. பேரன் கணக்கில் சேரும் சுற்று என்று முன்பே பதிவு செய்துகொண்டு ஆடினான். அங்கே அப்படிப் பதிவது விதி. பதிந்தபின் நல்லதோ கெட்டதோ அட்டையை ஒப்படைத்தே ஆகவேண்டும். நாமும் பின்னே நடந்தோம். அன்று பையனுக்கு எல்லாம் கைகூடிற்று. பதினாறாம் குழி முடிந்தபோது அவன் வாழ்நாளின் மிகச் சிறந்த சுற்று கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அடுத்த வாரம் கழகத்தின் ஈட்டு முறைப் போட்டி. உடன் ஆடிய பெரியவர் ஒருவர், வேடிக்கை போலவும் வேடிக்கையில்லாதது போலவும், “இப்போதே முழுவதையும் செலவழித்துவிடாதே. மிச்சமுள்ள இரண்டு குழிகளில் நான்கைந்து அடி கூடினால் அடுத்த வாரம் உனக்கு உதவும்” என்றார்.

பையன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். நாம் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எண்ணியதால் அன்று. ஆட்டத்தின் நடுவே பேசலாமா என்பது நமக்குத் தெரியாததால். அவன் பதினேழாம் குழியில் நெடுநேரம் குனிந்து தரையின் சாய்வைப் பார்த்துவிட்டு, பந்தை ஒரே தட்டில் குழிக்குள் இட்டான். மொத்தம் 95.

அன்றிரவு தாளில் நாமே கணக்கிட்டோம். 95இலிருந்து 70.2 போனால் 24.8. அதை 113ஆல் பெருக்கி 125ஆல் வகுக்க 22.4. அவனுடைய இண்டெக்ஸ் 31.4, ஆக, 9 குறைவு. சிறந்த எட்டில் கடைசியாய் இருந்த 33.6 வெளியேறி, 22.4 உள்ளே வந்தது. எட்டின் கூட்டுத்தொகை 251.2இலிருந்து 240 ஆயிற்று, சராசரி 30.0. மிகச் சிறப்பான சுற்று என்பதற்கான குறைப்பு 1. புதிய இண்டெக்ஸ் 29.0. மறுநாள் காலை கைப்பேசியும் அதையே காட்டிற்று. அவனுடைய மைதானத்தில் 34 என்றிருந்த ஈடு 31 ஆகிவிட்டது. மூன்று அடிகள் போயின.

“நன்றாக ஆடியதற்குத் தண்டனையா, அப்பா?” என்று பையன் நம்மிடம் கேட்டான். எங்கள் பக்கத்து வழக்கில் பாட்டனாரையே அப்பா என்பர். தண்டனை அன்று, உன் மதிப்பு உயர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். பதினான்கு வயதுக்கு அது ஆறுதலாகுமா? ஆகவே, “கணக்கு சரியாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னோம். அவன் சிரித்துவிட்டான்.

அடுத்த வாரம் குழிக்குக் குழி மோதும் அப்போட்டியில் அவனுக்கு எதிரே நின்றவர் எழுபதைக் கடந்த, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். அவருடைய ஈடு 20. எனவே பையனுக்குப் பதினோர் அடிகள் கிடைத்தன. பழைய எண் இருந்திருந்தால் பதினான்கு கிடைத்திருக்கும். கடைசிக் குழி வரை இழுபறியாகச் சென்று, ஒரே குழி வித்தியாசத்தில் பையன் தோற்றான். ஆசிரியப் பழக்கம் விடுமா? 12, 13, 14 என்று வரிசை எண் பெற்ற மூன்று குழிகளை அட்டையில் தேடிப் பார்த்தோம். ஒன்றில் அவன் இரண்டு அடி பின்தங்கித் தோற்றிருந்தான். சலுகை இருந்தாலும் பயனில்லை. ஒன்றில் சலுகை இல்லாமலே வென்றிருந்தான். பதின்மூன்றாம் எண் குழியில் மட்டும் இருவரும் ஆறு அடிகள் எடுத்துச் சமன் செய்திருந்தனர். பழைய ஈடு இருந்திருந்தால் அக்குழி அவனுடையது. ஆட்டம் சமனாகி மேற்கொண்டு நடந்திருக்கும். ஆக, அந்த மாலையில் இரண்டு குழிகளை அவன் ஒழுங்காக ஆடியதன் விலை இன்னதென்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் நேர்மையின் விலையை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

அந்தத் தபால்காரர் கை குலுக்கியபோது, “நீ உண்மையான எண்ணோடு வந்தாய்; அதனால்தான் இது நல்ல ஆட்டமாயிற்று” என்றார். முந்தைய வாரத்து அட்டை கழகத்தில் எல்லாரும் காணும்படி இருந்தது. அவரும் கண்டிருந்தார் போலும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பையன் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. அவர் எழுபது வயதில் அவ்வளவு நேராக அடிப்பதெப்படி என்றே தந்தையிடம் கேட்டுக்கொண்டு வந்தான்.

உலக வாகையர் போட்டிகளில் இந்த ஈட்டுக்கு இடமில்லை. அங்கே தேர்ந்தவர்கள் எடுத்த அடிகள் எடுத்தபடியே எண்ணப்படும். அதுவும் முறையே. யார் மிகச் சிறந்தவர் என்பது ஒரு கேள்வி. தன்னால் இயன்றதை இன்று யார் மேலும் நெருங்கினார் என்பது இன்னொரு கேள்வி. முதற்கேள்வி உலகில் சிலருக்கே உரியது. இரண்டாம் கேள்வி தபால்காரருக்கும் பையனுக்கும் அவன் தாய்க்கும் உரியது. பின்னதற்கு விடை காணத்தான் இவ்வளவு பெருக்கலும் வகுத்தலும்.

நாம் ஊர் திரும்பிய பின்னும் பேரன் வாரந்தோறும் தன் அட்டையைக் கைப்பேசியில் அனுப்புகிறான். நாம் இங்கே தாளில் கணக்கிட்டுப் பார்க்கிறோம். இந்தக் கணக்கில் கடைசி இருபது சுற்றுகளுக்கே இடமுண்டு என்பதால், 95 அடிகளில் முடித்த அந்த மாலையும் ஒவ்வொரு புதிய அட்டைக்கும் ஒரு படி பின்னே தள்ளப்படுகிறது. இதுவரை ஏழு அட்டைகள் வந்திருக்கின்றன. இன்னும் பதின்மூன்று வந்துவிட்டால் அம்மாலை கணக்கிலிருந்தே நீங்கிவிடும். அதற்குள் அதைப் போல் இன்னொன்றை அவன் ஆடிக் காட்டவேண்டும். சென்ற வாரம் 101.